தலை உடைந்தால் காப்பித்தூள் வேண்டாம், கை போதும்

தலையில் அடிபட்டு எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களிடம் பெரும்பாலும் காயத்துக்கு முன்னால் காப்பித்தூள்தான் கண்ணில் படும். சில நேரம் தேயிலைத்தூள், சில நேரம் மஞ்சள், சுண்ணாம்பு. முடியும் இரத்தமும் தூளும் கலந்து இறுகிப் போயிருக்கும். சேலைன் ஊற்றி ஊறவைத்து, முடியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து, அந்தத் தூளை எடுத்து முடிப்பதற்குள் ஆள் துவண்டுவிடுவார். தையலைவிட அதுதான் அவருக்கு அதிக வலி. உள்ளே தங்கிவிட்ட தூள் பிறகு சீழ் பிடிக்கவும் வைக்கும்.

நான் இலங்கை மலையகத்து ஆஸ்பத்திரி ஒன்றில் தாதியாக இருக்கிறேன். பிறந்து வளர்ந்தது மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையில். அம்மா கொழுந்தெடுத்தவர். அதனால் காப்பித்தூள் வைத்து வருகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. டிஸ்பென்சரி பூட்டிக் கிடக்கும், ரோட்டுக்கு வர மலை இறங்க வேண்டும், முகமெல்லாம் இரத்தம் வழியும். அந்தப் பதற்றத்தில் அடுப்படியில் அகப்பட்டதை அள்ளி அப்புகிறார்கள். தலைத்தோல் எப்படி அமைந்திருக்கிறது என்று தெரிந்திருந்தால் அடுப்படிவரை போகவே தேவையில்லை. அதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

மண்டையோட்டின் மேல் ஐந்து அடுக்குகள் இருக்கின்றன. முதலில் தோல். உடம்பிலேயே தடித்த தோல்களில் இதுவும் ஒன்று. அதற்குக் கீழே கொழுப்பும் கெட்டியான நார்களும் பின்னிய அடுக்கு. இரத்தக் குழாய்கள், நரம்புகள், முடியின் வேர்கள் எல்லாம் இங்கே இருக்கின்றன. மூன்றாவது, நெற்றித் தசையையும் பின்மண்டைத் தசையையும் இணைக்கிற வெள்ளைத் தகடு. காலியா என்று டொக்டர்கள் சொல்வார்கள். நான்காவது, தளர்வான, நூல்நூலான இழையம். ஐந்தாவது, எலும்பை ஒட்டிய மெல்லிய சவ்வு. மேல் மூன்றும் ஒன்றோடொன்று இறுகி ஒரே துண்டாக இருக்கும். விரல்களைத் தலையில் அழுத்தி வைத்து முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். நகர்கிறது அந்த மூன்றும், நகர இடம் கொடுக்கிறது நான்காவது.

கையில் வெட்டுப்பட்டால் அறுந்த குழாய் தானாகச் சுருங்கி உள்ளே இழுத்துக்கொள்ளும். தலையில் அது நடக்காது. இரண்டாவது அடுக்கின் நார்கள் குழாயின் சுவரைச் சுற்றிலும் பிடித்திருப்பதால் அறுந்த வாய் மூடாமல் திறந்தபடியே நிற்கும். அதோடு ஒவ்வொரு பக்கத்திலும் ஐந்து நாடிகள் (இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுவரும் குழாய்கள்) தலைத்தோலுக்கு வருகின்றன: நெற்றியில் இரண்டு, காதுக்கு முன்னால் ஒன்று, காதுக்குப் பின்னால் ஒன்று, பின்மண்டையில் ஒன்று. இடமும் வலமும் உச்சியில் ஒன்றோடொன்று கலந்துவிடுவதால், வெட்டின் ஒரு ஓரத்தை மட்டும் அடைத்தால் மறு ஓரத்திலிருந்து வரும். சின்ன வெட்டுக்குக்கூடச் சட்டை நனைந்துவிடுவது இதனால்தான். இரத்தம் எவ்வளவு வந்தது என்பதை வைத்து அடி எவ்வளவு பெரிது என்று கணக்குப் போட முடியாது.

ஆனால் தலைக்காயத்தில் ஒரு வசதியும் இருக்கிறது. கீழேயே கெட்டியான எலும்பு. மேலேயிருந்து அழுத்தினால் குழாய் எலும்புக்கும் கைக்கும் நடுவில் நசுங்கி அடைபட்டுவிடும். சுத்தமான துணி எதுவாக இருந்தாலும் போதும். துவாய், துப்பட்டா, துவைத்த சாரம். நாலாக மடித்து வெட்டின் முழு நீளத்துக்கும் வைத்து உள்ளங்கையால் நன்றாக அழுத்துங்கள். குறைந்தது பத்து நிமிடம் கையை எடுக்கக் கூடாது. "நின்றுவிட்டதா பார்ப்போம்" என்று நடுவில் தூக்கிப் பார்ப்பதுதான் பலரும் செய்கிறது. அப்போது உறைய ஆரம்பித்தது பிய்ந்து மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். துணி நனைந்துவிட்டால் அதை எடுக்காமல் அதன்மேல் இன்னொன்றை வைத்து அழுத்துங்கள். அப்புறம் அப்படியே சுற்றிக் கட்டி, கட்டின்மேல் கையையும் வைத்துக்கொண்டு வண்டி ஏறலாம். அழுத்தும் இடத்தில் எலும்பு பள்ளமாக இறங்கியிருந்தாலோ, நறநறவென்று அசைந்தாலோ அந்த இடத்தில் பலமாக அழுத்தக் கூடாது. துணியை வளையமாகச் சுருட்டிச் சுற்றிலும் வைத்து ஓரங்களில் மட்டும் அழுத்த வேண்டும். கம்போ கண்ணாடியோ குத்தி நின்றால் பிடுங்காதீர்கள், அதோடு கொண்டு வாருங்கள்.

மழை நேரத்தில் வடிகானில் சறுக்கி விழுந்த ஒரு தாத்தாவை அவருடைய மருமகள் கூட்டி வந்தாள். ஓட்டோவில் வரும்போதும் சரி, வார்ட்டுக்குள் நடக்கும்போதும் சரி, பிடித்த கையை அந்தப் பிள்ளை எடுக்கவே இல்லை. விரல்கள் வெளுத்துப் போயிருந்தன.

"எடுக்கலாமா மிஸ்?"

"இருங்க, டொக்டர் வரட்டும்."

துணியை எடுத்தபோது வெட்டு நீளம்தான், ஆனால் அநேகமாகக் காய்ந்திருந்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, "மூளை தெரியுதே" என்று சொல்லிவிட்டார். தாத்தா நடுங்கிப் போனார். தெரிந்தது மூளை இல்லை, இரண்டாவது அடுக்கின் கொழுப்பு. சின்னச் சின்ன மஞ்சள் உருண்டைகளாக வெட்டின் ஓரத்தில் பிதுங்கி நிற்கும். நிறையப் பேர் இதைப் பார்த்துப் பயந்து போகிறார்கள். அதற்குக் கீழே வெள்ளையாகப் பளபளப்பதை எலும்பு என்று நினைப்பார்கள். அது பெரும்பாலும் காலியா.

அந்தக் காலியா அறுந்திருக்கிறதா என்பதைத்தான் டொக்டர் முதலில் கவனிப்பார். நெற்றித் தசை முன்னால் இழுக்கும், பின்மண்டைத் தசை பின்னால் இழுக்கும். அதனால் தகடு குறுக்காக வெட்டுப்பட்டால் காயம் வாய் பிளந்து நிற்கும், தானாகச் சேராது. அதை உள்ளே சேர்த்துத் தைத்தால்தான் மேல் தையல் நிற்கும். காலியா அறுபடாத வெட்டு அவ்வளவாகப் பிளக்காது. வீட்டிலிருந்து பார்க்கும்போது காயம் பிளந்து நின்றால் அது தையலுக்கு உரியது, இரத்தம் நின்றுவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஏற்பு ஊசியும் கேட்டு வாங்குங்கள். மலையில் விழுந்த காயத்தில் மண்ணும் உரமும் இல்லாமல் இருக்காது. தையலை வழக்கமாக ஏழிலிருந்து பத்து நாளைக்குள் பிரிப்பார்கள்.

தலைத்தோல் துண்டாகப் பிய்ந்து ஒரு ஓரத்தில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தால் அதை வெட்டி எறியக் கூடாது. இரத்த ஓட்டம் இவ்வளவு அதிகமாக இருப்பதால் குறுகிய ஒட்டு இருந்தாலும் அந்தத் துண்டு பிழைத்துக்கொள்ளும். அதை மெதுவாக அதன் இடத்தில் படிய வைத்து, மேலே துணி வைத்துக் கட்டிக் கொண்டு வாருங்கள். பெல்ட் ஓடுகிற மெசினில் முடி சிக்கி முழுவதுமாகப் பிய்ந்து வந்த காயங்களும் உண்டு. பிய்வது அந்தத் தளர்ந்த நான்காவது அடுக்கில். அப்படி வந்துவிட்ட துண்டைக்கூட ஈரத் துணியில் சுற்றி, பொலித்தீன் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ்மேல் வைத்துக் கொண்டுபோக வேண்டும். ஐஸ் நேராகத் தோலில் படக் கூடாது. 1970களில் ஆஸ்திரேலியாவில் இப்படிப் பிரிந்த தலைத்தோலை நுண்ணறுவைச் சிகிச்சையால் குழாய் குழாயாக இணைத்துத் திரும்பப் பொருத்தியிருக்கிறார்கள். ஃபாக்டரியிலும் மில்லிலும் வேலை செய்கிற தங்கச்சிமார் கொண்டையை இறுக்கித் துணியால் மூடிக்கொண்டுதான் மெசின் பக்கம் போக வேண்டும். பின்னல் தொங்கக் கூடாது. இதை நான் யாரைக் கண்டாலும் சொல்கிறேன்.

நான்காவது அடுக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது தளர்ந்திருப்பதால் அதற்குள் இரத்தமோ நீரோ சேர்ந்தால் தலை முழுக்கப் பரவ இடம் இருக்கிறது. நெற்றித் தசைக்கு முன்பக்கம் எலும்போடு பிடிப்பு இல்லை, தோலோடுதான் பிடிப்பு. அதனால் உச்சியில் தேங்கிய இரத்தம் மெல்ல நெற்றி வழியாகக் கீழே இறங்கி, மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ கண் இமையில் வந்து கறுத்து நிற்கும். "தலையில்தானே அடி, கண்ணெல்லாம் எப்படி வீங்கியது" என்று பதறி வருகிறவர்களுக்கு இதுதான் காரணம். ஆனால் அடிபட்ட கொஞ்ச நேரத்திலேயே இரண்டு கண்ணைச் சுற்றியும் கறுத்தாலோ, காதுக்குப் பின்னால் நீலம் பாய்ந்தாலோ, மூக்கிலோ காதிலோ தண்ணீர் மாதிரி ஒழுகினாலோ அது வேறு விஷயம். மண்டையோட்டின் அடிப்பகுதி உடைந்திருக்கலாம். உடனே ஆஸ்பத்திரி.

மலையில் குளவிக்கூடு கலைந்தால் அதிகமாகக் கொட்டு வாங்குகிறதும் தலைதான். முடிக்குள் மாட்டிக்கொண்டு கொட்டும். நம்முடைய தோட்டங்களில் குளவி என்று சொல்கிறவற்றில் பெரிய மலைத்தேனீயும் சேர்த்தி. அது முள்ளைத் தோலிலேயே விட்டுப் போகும், முடிக்குள் இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. கொங்காணியோ படங்கோ எது இருந்தாலும் தலையை மூடிக்கொண்டு ஓடி அந்த இடத்தைவிட்டு விலகிய பிறகு, ஒருவருக்கொருவர் முடியை வகிர்ந்து பார்த்து நகத்தால் வழித்து முள்ளை எடுத்துவிடுங்கள். எப்படி எடுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோம் என்பது முக்கியம். காலையில் இமை வீங்கியிருந்தால் மேலே சொன்ன அதே பாதையில் நீர் இறங்கியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். மூச்சு இழுத்தாலோ, நாக்கும் உதடும் தடித்தாலோ, வாந்தியோ மயக்கமோ வந்தாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. நிறையக் கொட்டு வாங்கியவர் நன்றாக இருப்பதாகச் சொன்னாலும் காட்ட வேண்டும், பின்னால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம்.

இதே நான்காவது அடுக்குதான் பச்சைப் பிள்ளை விஷயத்திலும் எனக்குப் பெரிய கவலை. பிறக்கும்போதே தலை நீண்டு மெத்தென்று வீங்கியிருப்பது தோலுக்கடியில் நீர் கோத்த வீக்கம், சில நாளில் வடிந்துவிடும். ஒரு எலும்பின் எல்லைக்குள் மட்டும், எலும்புகள் சேரும் பொருத்தைத் தாண்டாமல், பிறந்து சில மணி நேரமோ ஒரு நாளோ கழித்துத் தெரிகிற வீக்கம் எலும்புச் சவ்வுக்கு அடியில் இரத்தம் தேங்கியது. வாரக்கணக்கில் இருந்து மெல்லக் கரையும். இதை ஊசியால் எடுக்கவோ, உருவி விடவோ கூடாது. பிள்ளையின் கண்ணும் உடம்பும் மஞ்சளாகிறதா என்று மட்டும் கவனிக்க வேண்டும். மூன்றாவது வகைதான் பயங்கரம்: பொருத்துகளைத் தாண்டிப் பின்கழுத்துவரைக்கும் காதுவரைக்கும் பரவி, தொட்டால் தண்ணீர் நிறைந்த பை போலக் குலுங்கும். நான்காவது அடுக்கில் இரத்தம் கசிகிறது. சின்னப் பிள்ளையின் உடம்பு இரத்தத்தில் பெரும் பங்கு அதற்குள்ளேயே போய்விடும். வெக்யூம் வைத்து எடுத்த பிரசவத்துக்குப் பிறகு இதைக் கூடுதலாகக் கவனிப்போம். பிள்ளை வெளுத்து, பால் குடிக்காமல், சோர்ந்திருந்தால் அந்த நிமிடமே சொல்லுங்கள்.

அப்பாயிமார் எண்ணெய் தேய்த்துத் தலையை உருட்டி வடிவம் பிடிக்கிறார்கள். பாசத்தில்தான் செய்கிறார்கள், எங்கள் வீட்டிலும் செய்தார்கள். வீக்கம் இருக்கிற தலையில் மட்டுமாவது அதை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். தலை தானாகவே வடிவத்துக்கு வரும். உச்சிக்குழி பொதுவாக ஒன்றரை வயதுக்குள் மூடும். அதுவரை அது குழிந்து போனால் உடம்பில் தண்ணீர் குறைந்துவிட்டது, அழாத நேரத்திலும் புடைத்து நின்றால் காய்ச்சல் மூளைக்கு ஏறியிருக்கலாம். இரண்டுக்கும் எண்ணெய் மருந்தில்லை.

தலைப்புண்ணை நசுக்காதீர்கள் என்று நாங்கள் சொல்வதும் அந்த நான்காவது அடுக்கால்தான். இங்கிருந்து மண்டையோட்டைத் துளைத்து உள்ளே போகும் நாளங்களுக்கு வால்வு இல்லை, சீழ் உள்ளே போக வழி உண்டு. பேனும் சொறியுமாகப் புண் வந்த பிள்ளைகளுக்குப் பிடரியில் நெறி கட்டும். நெறியாகக் கட்டுகிற நிணக்கணு தலைத்தோலுக்குள் கிடையாது, பிடரியிலும் காதைச் சுற்றியும் இருப்பவைதான் வேலை செய்கின்றன. ஆகவே நெறியைக் கண்டால் முதலில் முடியை வகிர்ந்து பாருங்கள். சொதசொதவென்று வீங்கி முடி கொட்டுகிற புண்ணாக இருந்தால் அது பூஞ்சணமாக இருக்கலாம், களிம்பு போதாது, வாரக்கணக்கில் குளிசை வேண்டும்.

சரி, அம்மாவின் தலைக்கு வருகிறேன். கொழுந்துக் கூடையின் கயிறு உச்சியில் பட்ட இடத்தில் குறுக்கே ஒரு பட்டையாக முடி மெலிந்திருந்தது. சின்ன வயதில் நான்தான் அவருக்குப் பேன் பார்ப்பேன். அந்தப் பட்டையில் மட்டும் தோல் வழுவழுப்பாகவும் கொஞ்சம் தடித்தும் இருக்கும். விரல் வைத்தால் சில இடத்தில் மரத்துப் போயிருக்கும், சில இடத்தில் "மெதுவா" என்று சிணுங்குவார். ஆஸ்பத்திரிக்கு வந்தபிறகு அதே பட்டையை எத்தனையோ தலைகளில் பார்த்துவிட்டேன். யாரும் இதற்காக வருவதில்லை. வேறு ஏதாவதுக்கு வரும்போது நான் பார்க்கிறேன்.

கயிறு அழுத்துகிற இடத்தில் முடியின் வேருக்கு இரத்தம் குறைகிறது, உரசலில் முடி அறுகிறது, கொண்டையை இறுக்கிப் போட்டால் இழுப்பும் சேர்கிறது. தொடக்கத்தில் குட்டை குட்டையாக ஒடிந்த முடி, வேரடியில் சின்னக் கொப்புளம், எரிச்சல் இருக்கும். அந்த நிலையில் பாரத்தை மாற்றினால் முடி திரும்ப வரும். மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளரும், அதனால் மாதங்கள் பொறுக்க வேண்டும். முடித்துளையே தெரியாமல் பளபளப்பாகிவிட்டால் வேர் தழும்பாகிவிட்டது. அங்கே எந்த எண்ணெயும் முளைக்க வைக்காது. வலி வருவதற்கும் காரணம் உண்டு. பிடரியிலிருந்து ஒரு நரம்பும் புருவத்திலிருந்து இன்னொன்றும் உச்சிவரை ஏறி வருகின்றன. பாரம் தலையில் தொங்கும்போது கழுத்துத் தசைகள் இறுகி, பிடரியிலிருந்து உச்சிவரை சுள்ளென்று இழுக்கும். அந்த வலிக்குப் பனடோல் போட்டு போட்டு ஓட்டுகிறார்கள்.

கூடை இருக்கிறவரைக்கும் செய்யக்கூடியது சில உண்டு. கயிறு மட்டும் தலையில் படாமல், துணியை அகலமாக மடித்து அதன்மேல் போட்டால் அழுத்தம் பரவும். ஒரே கோட்டில் வைக்காமல் சில நாள் முன்னே, சில நாள் பின்னே தள்ளி வைக்கலாம். கொண்டையைக் கயிற்றுக்கு அடியில் வராதபடி தளரப் போடலாம். கூடை நிரம்பி வழிகிறவரை நிற்காமல் நிறுவைக்கு முன்பே கொட்டிவிட்டு வர முடிந்தால் கழுத்துக்கும் நல்லது. ஆனால் கடைசியாகச் சொன்னது அவர்கள் கையில் மட்டும் இல்லை. பாரத்தை முதுகிலும் தோளிலும் தாங்குகிற பைகள் எல்லாத் தோட்டத்துக்கும் வர வேண்டும். அதைத் தர வேண்டியவர்கள் தர வேண்டும்.

இனி எலும்புக்குக் கீழே. இரத்தம் ஆறாக ஓடி வருகிறவரைவிட, காதுக்கு மேலே அடிபட்டுத் தோல்கூடக் கிழியாமல், "ஒன்றுமில்லை" என்று எழுந்து நடந்து வருகிறவரைத்தான் நான் அதிகம் கவனிப்பேன். அந்த இடத்தில் மண்டையோடு மெல்லியது, அதன் உட்பக்கத்தை ஒட்டி ஒரு நாடி ஓடுகிறது. அது அறுந்தால் இரத்தம் வெளியே வராது, எலும்புக்கும் மூளையுறைக்கும் நடுவில் சேரும். ஆள் நன்றாகப் பேசுவார், தேத்தண்ணி கேட்பார், சில மணி நேரத்தில் தூக்கம் தூக்கமாக வரும். தொடர்ந்து வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, குழறிய பேச்சு, ஒரு கை கால் பலம் குறைதல், வலிப்பு, ஒரு கண்மணி மட்டும் பெரிதாகத் தெரிதல், எழுப்பினால் எழாதது: இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

குடித்துவிட்டு விழுந்தவரை "வெறியில் தூங்குகிறார், விடு" என்று போர்த்திவிடுகிறார்கள். எனக்கு மனம் பதறுகிற இடம் இது. வெறியால் வந்த தூக்கமா மூளைக்குள் கசிவால் வந்த தூக்கமா என்று பக்கத்தில் நின்று பார்த்துப் பிரிக்க எங்களுக்கே முடியாது, ஸ்கேன் வேண்டும். தலையில் அடி என்று தெரிந்தால் வெறியைக் கணக்கில் எடுக்காமல் கொண்டு வாருங்கள். வயதானவர்களுக்கு இன்னொரு வகை உண்டு. கதவு நிலையில் இடித்துக்கொண்டது மறந்தே போயிருக்கும், வாரங்கள் கழித்துத் தலைவலி, தடுமாற்றம், மறதி என்று தொடங்கும். இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை குடிக்கிறவர்களுக்கு இது கூடுதல் ஆபத்து. லேசான அடியாக இருந்தாலும் அவர்களை அன்றைக்கே காட்ட வேண்டும்.

அம்புலன்ஸுக்கு 1990 என்ற நம்பருக்குக் கோல் எடுங்கள், காசு இல்லை. லயத்துக்கு வண்டி ஏறாது என்றால் எந்தச் சந்திக்கு ஆளைக் கொண்டுவந்து நிற்பீர்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். உயரத்திலிருந்து விழுந்தவராக இருந்தால், கழுத்து வலி என்றால், நடக்க வைக்காதீர்கள். பலகையில் படுக்க வைத்துத் தலையும் கழுத்தும் ஆடாமல் ஒருவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வரட்டும். வாந்தி வந்தால் தலையை மட்டும் திருப்பாமல் உடம்போடு சேர்த்து ஒரு பக்கமாகத் திருப்புங்கள். சாப்பிடவோ குடிக்கவோ ஒன்றும் கொடுக்க வேண்டாம். கூட வருகிறவர் நான்கு விஷயத்தை ஒரு துண்டில் எழுதி எடுத்து வந்தால் பெரிய உதவி: அடிபட்ட நேரம், நினைவு தப்பியதா, எத்தனை தடவை வாந்தி எடுத்தார், என்ன குளிசை குடிக்கிறார். இங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டி வந்தால் அங்கே முதலில் கேட்பது அடிபட்ட நேரத்தைத்தான். அதனால் மற்றதை மறந்தாலும் நேரத்தை மட்டும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.